பரிசு வாங்கிய முழங்கால்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் இல்லை என்று நழுவக் கூடாது. கட்டிலில் நான். தரையில் கேமராவோடு குப்புறப் படுத்த என் மகன். தூரிகையும் கையுமாக மருமகள். ஒலி பிடிக்க வந்தவர், வாயைத் திறந்தாலே ‘உஷ்’ என்பதால் நம் வீட்டில் அவருக்கு அதுவே பெயர். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நீ. பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ எதை ஒழுங்காக ஞாபகம் வைத்திருக்கிறாய்?

அவனுக்கு மலைப் பைத்தியம், அவளுக்கு ஓவியப் பைத்தியம்; ஜாடிக்கேற்ற மூடி. பத்தொன்பது நாள் மலையில் கிடந்து, கால்விரல் இரண்டைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பத்து விரலோடு பெற்றவனை எட்டு விரலோடு கதவு திறந்து உள்ளே விட்டேன். அதையும் பொறுத்தேன். கொண்டுவந்த படத்தைப் போட்டுப் பார்த்தால் பூட்ஸ் இருக்கிறது, கயிறு இருக்கிறது, சிகரத்தைக் காணோம். கடைசி நாள் முழுக்க மூடுபனியாம். கல்யாணத்துக்குப் போய்ச் செருப்புகளை மட்டும் படம் எடுத்து வந்த மாதிரி. மலைப் படங்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களே, அவர்கள் போட்டிக்கு மறுநாள் அனுப்பியாக வேண்டும். சாப்பாட்டு மேசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவன் சொன்னது உன் காதிலும் விழுந்தது. “இது போகலேன்னா மலையையே விட்டுடறேம்மா. கல்யாண வீடியோ எடுத்துட்டு வீட்டோட இருக்கேன்.” என் வயிற்றில் பால் வார்த்தான். பதினோரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை.

மருமகள் சும்மா இருந்தாளா? அட்டையில் ஒரு சிகரம் வரைந்தாள், அது கேக் மாதிரி இருந்தது. மதியம் நான் வெள்ளைப் போர்வைக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன், முட்டி வலிக்கு அதுதான் இதம். கதவோரம் நின்று பார்த்தவள், “அத்தை, அசையாதீங்க” என்றாள். அவ்வளவுதான், மூன்று மணி நேரம் நான் மனுஷி இல்லை. போர்வை மடிப்பில் நீலச் சாயம் பூசி நிழல் என்றாள். சல்லடையில் முகப்பவுடரைப் போட்டுச் சலித்துப் பனி என்றாள். தீக்குச்சியில் ஒரு ஆள் செய்து நூலைக் கட்டி என் வலது முட்டியில் ஏற்றிவிட்டாள், அதுதான் என் மகனாம். உஷ் என்னை மூச்சு விடக் கூடாது என்றார். சலித்துப்போய்ப் பெரிதாக ஒரு மூச்சு விட்டேன், அதை மலைக்காற்று என்று படத்தில் சேர்த்துவிட்டார்.

இடது கால் பிடித்துக்கொண்டது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, இனி இன்னொரு மலை செய்ய நேரமில்லை. அப்போதுதான் நீ என் காதில் சொன்னாய். “அக்கா, காலைக் கொஞ்சம் நீட்டு. அவன் வீட்டோட இருப்பான்.”

நீட்டத்தான் போனேன். தரையிலிருந்து அவன் என் முழங்காலை அண்ணாந்து பார்த்தான், வாயைத் திறந்துகொண்டு, நாற்பது வயதுக்காரன். என்னை அப்படி அவன் பார்த்து எத்தனையோ வருஷம். கால் மரத்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்தச் சங்கத்து அரங்கில் ஒரு தாடிக்காரர், நாற்பது மலை ஏறியவராம், எழுந்து நின்று பேசினார். வலது சரிவில் இருக்கும் அந்தப் புடைப்பைக் காற்றும் பனியும் ஆயிரம் ஆயிரம் வருஷமாகச் செதுக்கியிருக்கின்றன என்றார். உன் வீட்டுக் குளியலறையில் நீ கீழே போட்டுவைத்த சோப்பு செதுக்கியது அது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அன்றைக்கு வியாழக்கிழமை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி வேறு, “பாட்டி, அது உன் முட்டிதானே?” என்றாள். தொடையில் கிள்ளினேன். முதல் பரிசு எங்களுக்குத்தான். பரிசு என்ன தெரியுமா? இதைவிடப் பெரிய மலைக்கு ஒரு பயணம்.

ஆகவே மகனை நான் மன்னிப்பதாக இல்லை. மருமகளை மன்னிப்பதாக இல்லை. உஷ் இனி இந்த வாசல்படி ஏறக் கூடாது. உன்மேல் மட்டும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நல்லது சொன்னவள் நீ ஒருத்திதான். அந்தச் சோப்பையும் மறந்துவிட்டேன். நீயும் உன் பிள்ளைகளும் ஒரு விரல்கூடக் குறையாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அவன் கிளம்பிவிட்டான். விரல் இல்லாத இடத்தில் பஞ்சை அடைத்து பூட்ஸ் மாட்டினான், என் முட்டியைத் தட்டிக் கொடுத்தான், போய்விட்டான். மேலே எழுதியதை அடித்துவிடு. அவன் அப்படித்தான், அவனை என்ன செய்ய? மருமகள் அந்தப் போர்வையை மூன்று தரம் துவைத்தாள், நீலம் போகவில்லை; மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள், அவளை என்ன சொல்ல? உஷ்ஷும் வந்து ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் என்னால் காலை நீட்ட முடியாது என்று உனக்குத் தெரியும். பெற்றவளால் முடியாது என்று தெரிந்துகொண்டே காதில் சொன்னாய். உன் கை கட்டில் காலில்தான் இருந்தது. ஒரு ஆட்டு ஆட்டியிருந்தால் போதும், ஆட்டவில்லை. உன்னைத்தான் மன்னிக்க மாட்டேன், தங்கச்சி.