வெயிலும் யூரியாவும் ஒரு தீக்குச்சியும்

சோதனை செய்யும் நாளில் பெற்றோரைக் கூப்பிடக் கூடாது என்று எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எழுதியிருக்காது. எழுதியிருக்க வேண்டும்.

என் ஆராய்ச்சி, யூரியாவைச் சுட்டெடுத்த ஒரு மஞ்சள் பொடி. அதைத் தண்ணீரில் கலந்து வெயிலில் வைத்தால் ஹைட்ரஜன் பிரியும். வழக்கமாக இதற்குப் பிளாட்டினத்தின் துணை வேண்டும். நானோ, உலோகமே இல்லாமல், கொஞ்சம் கந்தகம் சேர்த்தே சாதிப்பேன் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். (சொன்னது மட்டும்தான் நடந்தது.) அந்த வருட மதிப்பீட்டில் எதையாவது காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மண்டபம் என்ற ஊரில், கடலோரக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் ஏற்பாடு. மதிப்பிட வெளியூர்ப் பேராசிரியை ஒருவர் வந்திருந்தார். பக்கத்து ஊர்தானே என்று அய்யாவையும் அம்மாவையும் நானே வரவழைத்திருந்தேன். மிளகாய் விவசாயியான அய்யா பொடியை உற்றுப் பார்த்தார்.

“வயல்ல போடுற யூரியாவையா தாயி இப்படி வறுத்து வச்சிருக்க?”

வெயில் ஏற ஏறக் குடுவையில் குமிழ் கிளம்பியது. கவிழ்த்து வைத்த சோதனைக்குழாயில் விரலளவு வாயு சேர்ந்துவிட்டது.

“ஹைட்ரஜன்! எல்லாரும் தள்ளி நில்லுங்க! தீக்குச்சி காட்டுனா டப்புனு வெடிக்கும்!”

அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அய்யா அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றார். பேராசிரியைகூட இரண்டடி நகர்ந்தார்.

கடற்காற்றில் மூன்று குச்சிகள் அணைந்தன. நான்காவது, குழாயின் வாயில் பரம சாந்தமாக எரிந்து என் விரலைச் சுட்டது.

“வெடிச்சிருச்சா?” என்றாள் அம்மா, காதிலிருந்து கையை எடுக்காமல்.

அப்போது அய்யா, வெயிலில் கிடந்த எங்கள் குடிதண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே சுற்றிலும் குமிழ்.

“ஏ தாயி, இங்கனயும் வந்திருக்கு பாரு. பொடி போடாமலே!”

பேராசிரியை பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தண்ணி சூடானா அதுல கரைஞ்சிருக்கிற காத்து வெளிய வரும்மா. ஒப்பிட்டுப் பார்க்கப் பொடியில்லாத தண்ணி ஒண்ணு பக்கத்துல வைக்கணும். நீ வைக்கலை. உங்கப்பா வச்சிருக்கார்.”

கடலுக்குள் நடந்து போய்விடலாமா என்றிருந்தது. (ஆழமில்லாத கடல், அதுவும் கைகொடுக்காது.) பேராசிரியை ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார். தண்ணீரிலிருந்த காற்றை முதலில் வெளியேற்றி, பொடியை இன்னும் மெல்லிய தகடுகளாக்கி, பக்கத்தில் வெறும் குடுவையும் வைத்து மறுபடி செய்தேன். இந்த முறை உண்மையிலேயே ஹைட்ரஜன் வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், கருவிதான் சாட்சி சொன்னது.

பட்டமும் வாங்கிவிட்டேன். ஆனாலும் வீட்டில் உலை கொதிக்கும்போது நான் அடுப்படிப் பக்கம் போனால் போதும், அய்யா குரல் கொடுப்பார்:

“எல்லாரும் தள்ளி நில்லுங்க, டாக்டரம்மா தீப்பெட்டியோட வருது!”