சேமலாப நிதிக்கு ஒரு மாப்பிள்ளை

வேலையை விடுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். விட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியாது. கலியாணம் பேசி முற்றாக்கின அடுத்த கிழமையே, யாழ்ப்பாணம் டவுனில் ஏழு வருடம் வேலை செய்த லீசிங் கம்பனியின் முகாமையாளர் மேசையில் விலகல் கடிதத்தை வைத்தேன். நானே செய்த கேக் ஒன்றைக் கொண்டுபோய் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தேன். (முகாமையாளருக்கு மட்டும் கருகின ஓரத்துத் துண்டு. ஏழு வருடக் கோபத்தை வேறு எப்படித் தீர்ப்பது?) பிறகு ஒரு ராணியைப் போல பஸ் ஏறிக் கோப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது பங்குனி மாதம்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுத்துப் பெரிய அவண் ஒன்று வாங்கி, கலியாணம் முடிந்து மாப்பிள்ளையின் ஊரான அச்சுவேலிக்குப் போனதும் கேக் வியாபாரம் தொடங்குவது. சம்பளச் சீட்டில் ஈ.பி.எப்., நம்பிக்கை நிதியான ஈ.டி.எப். என்று இரண்டு பெயர் மாதாமாதம் வரும். இரண்டும் அக்கா தங்கச்சி, எங்கே போனாலும் சேர்ந்துதான் போகும், கேட்டதும் கையில் வரும் என்று நினைத்திருந்தேன். சம்பளப் பகுதியில் இருந்த ராகினி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ராணிகள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

வைகாசியில் ராகினி அக்காவே தொலைபேசியில் கூப்பிட்டார். சுகம் விசாரித்துவிட்டு, ஈ.பி.எப். காசைப் பெண்கள் ஐம்பது வயதில்தான் எடுக்கலாம் என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு. கலியாணத்துக்காக வேலையை விட்டவர்கள் முந்தி எடுக்கலாமாம். ஆனால் வேலையை விட்டு மூன்று மாதத்துக்குள் கலியாணப் பதிவு நடந்திருக்க வேண்டுமாம். என் கலியாணமோ ஆவணியில். மாப்பிள்ளையின் அண்ணை கனடாவில் இருந்து பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குத்தான் வர முடியும். ஐம்பது வயதில் அவண் வாங்கி என்ன செய்வது? அந்த வயதில் டொக்டர் என்னைக் கேக்கைப் பார்க்கவே விடமாட்டார்.

ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை எழுத்து என்போம். தாலிகட்டுக்கு முன்னரே எழுத்தை வைத்துக்கொள்ளலாம், அதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு எழுத்து முந்தினால் விசாவுக்கு என்று ஊருக்குத் தெரியும். உள்ளூர் மாப்பிள்ளைக்கு, அதுவும் என் குகனைப் போல ஒரு கணித வாத்தியாருக்கு எழுத்து முந்தினால் ஊர் விரலை மடித்து மாதம் எண்ணத் தொடங்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோனது.

குகனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எழுத்தை மட்டும் ஆனியிலை வைப்பமோ?"

"ஏன், உமக்கு ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் அவசரம். ஏனெண்டு மட்டும் இப்ப கேக்காதேங்கோ."

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சீதனக் கதையே எடுக்காமல் பெண் கேட்டு வந்த குடும்பம் அது. அவர்களிடம் நானே காசுக் கதையைத் தொடங்கினால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். (அந்த மானத்தை நான் எவ்வளவு அருமையாகக் காப்பாற்றினேன் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகனும் அவருடைய தாய் தகப்பனும் முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார்கள். மாமா ஓய்வுபெற்ற தபாலதிபர். சிரித்த முகத்துக்காரர், அன்றைக்கு ஏனோ மகன் இருந்த பக்கமே திரும்பவில்லை. மாமி ஒரு பையை என்னிடம் தந்தார். உள்ளே கொடிகாமச் சந்தையில் வாங்கின புளி மாங்காயும் ஒரு பால்மாப் பெட்டியும் இருந்தன. மாங்காயை இப்போதே வெட்டிச் சாப்பிடச் சொன்னார்.

எனக்கு மாங்காய் என்றால் சிறு வயதிலிருந்தே பைத்தியம். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, வந்தவர்களுக்கு நீட்டவும் மறந்து தின்றேன். முதல் மாங்காய் முடிய மாமி மாமாவைப் பார்த்தார். இரண்டாவதை வெட்டத் தொடங்க மாமா முகட்டைப் பார்த்தார். குகன் தன் செருப்பைக் கழற்றின வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு. தம்பி எங்களிட்டை எல்லாத்தையும் ஒத்துக்கொண்டிட்டான். உன்னை ஒருத்தரும் கோவிக்கேல்லை. டொக்டரிட்டைக் காட்டினனியே?"

எனக்கு வருத்தம் காய்ச்சல் ஒன்றும் இல்லையே என்று நான் யோசிக்கும்போது, தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா நடு விறாந்தையில் அப்படியே நின்றார். அம்மாவுக்கு என்னைவிட முந்தி விளங்கிவிட்டது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், கையிலிருந்த மாங்காயைப் பார்த்தேன், பால்மாப் பெட்டியைப் பார்த்தேன். என் காது இரண்டும் எரிந்தன.

"மாமி," என்றேன், "அது பிள்ளை இல்லை. ஈ.பி.எப்."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் அழுதுகொண்டே ஐம்பது வயதையும், மூன்று மாதத்தையும், அவணையும், ராகினி அக்காவையும் சேர்த்துக் குழைத்துச் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் இருந்து, மாதம் தவறாமல் பென்சன் எடுக்கும் மாமாவுக்கு, சொந்தக் காசை எடுக்க ஒரு பெண் கலியாணம் கட்ட வேண்டும் என்ற சட்டம் நம்ப முடியாததாக இருந்தது. இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, வந்த நேரத்திலிருந்து முதல் தடவையாக மகனைப் பார்த்தார். மாமி அதற்கு முதலே மகனிடம் திரும்பிக் கேட்டுவிட்டார்.

"அப்ப நீ என்னத்தையடா ஒத்துக்கொண்டனி?"

குகன் வாசலிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இவ அவசரமெண்டா. ஏனெண்டு கேக்க வேண்டாமெண்டா. நீங்களும் பிள்ளையோ எண்டு கேட்டியள். என்னவா இருந்தாலும் என்ரை எண்டு சொல்லிப்போட்டன்."

அதுவரை நாங்கள் இருவரும் நேரில் சந்தித்தது இரண்டே தடவை, இரண்டும் கோயில் வீதியில் அம்மாவின் காவலோடு. அவர் என் கையைக்கூடத் தொட்டதில்லை. இல்லாத ஒரு பிள்ளைக்குத் தகப்பன் என்று ஒத்துக்கொண்டு, இரண்டு நாள் தகப்பனின் மௌனத்தையும் வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டு பிளாஸ்டிக் கதிரையில் வியர்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் எனக்கு அவணே வேண்டாம் என்று இருந்தது. அவரைப் பிடித்திருந்தது; அவ்வளவு பிடித்திருந்தது. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு எல்லோருக்கும் ஆறின தேத்தண்ணியைக் கொடுத்தார்.

மாமிக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துச் செய்தி சொல்லியாகிவிட்டதாம், மூத்த மகன் பிள்ளை தள்ளுகிற வண்டி வாங்கிவிட்டாராம்.

ஆனியில் எழுத்து நடந்தது. பதிவுச் சான்றிதழின் ஈரம் காய முதல், மாமா தலைமையில் எல்லோரும் தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் உத்தியோகத்தர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துப் பெண் பார்க்க வந்தவர்களோ என்று நினைத்திருப்பார். எல்லாம் சரிபார்த்துவிட்டு, கலியாணம் முடிந்த பிறகு வேலையை விட்டிருந்தால் ஐந்து வருடம் வரை அவகாசம் இருந்திருக்குமே, ஏன் இந்த அவசரம் என்று கேட்டார். ஈ.டி.எப். வேறு கந்தோர், வேறு சட்டம் என்றும் சொன்னார்.

"அதை எடுக்க வேலையை விட்டால் போதும், தங்கச்சி. மாப்பிள்ளை தேவையில்லை."

மாமா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவணியில் தாலி ஏறியது. கனடா அண்ணை கொண்டுவந்த வண்டியில் ஏற்ற ஆளில்லாததால், முதல் இரண்டு வருடமும் அதில் பக்கத்து வீடுகளுக்குக் கேக் தள்ளிக்கொண்டு போனேன். எட்டிப் பார்த்துக் கொஞ்ச வந்தவர்கள் ஐசிங்கைக் கண்டு திகைத்தார்கள். ஈ.பி.எப். காசில் வாங்கின அவணுக்கு மாமா வைத்த பெயர் 'மூத்தவள்'. மின்சாரம் போனால், "மூத்தவள் நித்திரையாகிப் போனாள்" என்பார். யாராவது எங்கள் கலியாணக் கதையைக் கேட்டால் குகன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இவவாலை அம்பது வயது வரைக்கும் பொறுக்கேலாமல் போச்சு, அதுதான் என்னைக் கட்டினவ" என்று சொல்லுவார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

போன மாதம் மகளின் முன்பள்ளியில் இருந்து ஆசிரியை கூப்பிட்டார். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, தனக்கு ஒரு அக்கா இருக்கிறா, பெயர் ஈ.பி.எப்., எப்போதும் குசினியில்தான் இருப்பா, சரியான சூடு, அப்பாதான் அவவைத் தன்ரை எண்டு முதலில் ஒத்துக்கொண்டவர் என்று சொன்னாளாம். வீட்டில் எல்லாம் சுகம்தானோ என்று ஆசிரியை மெல்லமாகக் கேட்டார்.

மகள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன்.