என்சைமுக்கு வைத்த பொட்டு

கவலைப்படுகிறவனை நம்பி ஒரு வேலையையும் கொடுக்கக் கூடாது. சொன்னதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போக அவனுக்குத் தெரியாது. கூடுதலாக ஒன்றைச் செய்து, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுத்தான் கிளம்புவான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு அதுவே பெரிது. தற்காலிக வேலை, தசரா முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். (அதோடு தூக்கம் போச்சு.)

அங்கே ஆராய்ச்சி மாணவி மாலதி மேடம், பிரேசர் டவுன் தமிழர், மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு என்சைமைப் பிரித்தெடுத்து, குழாய்களில் அடைத்து டீப் ஃப்ரீசரில் வைத்திருந்தார். அது என்ன செய்யும் என்று ஒருநாள் கேட்டேன்.

"செல்லுக்குள்ள எந்தப் புரோட்டீன் வேணாமோ, அது மேல ஒரு அடையாளம் வைக்கும்ண்ணா. வச்சுட்டா அவ்ளோதான், நறுக்கிப் போட்டுடுவாங்க."

ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. தராசு, மைக்ரோஸ்கோப், ஃப்ரீசர் கதவு. அதோடு நிறுத்தினேனா இந்த மேதாவி? கதவுக்கு வைத்துவிட்டு உள்ளே இருக்கிற முக்கியஸ்தரை விட்டால் எப்படி? நாளைக்கு என்சைம் வேலை செய்யாவிட்டால் பழி யார் மேல்? குழாய்களை வெளியே எடுத்தேன். பனியில் சந்தனம் ஒட்டவில்லை. துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினேன். பூசணிக்காய் உடைத்தார்கள். பேராசிரியர் குழாய்களுக்கு முன்னால் நின்று நீளமாகப் பேசினார். அத்தனை டாக்டர் பட்டங்களும் அவற்றைக் கும்பிட்டுவிட்டுப் பொரி தின்றன. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம்தான் மாலதி மேடம் வந்தார். ஒரு குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தார். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை.

"ஐஸ்லயே இருக்க வேண்டியது. செத்துப்போச்சு."

"ஏன் மாடித்ரீ?" என்று பேராசிரியர் கன்னடத்தில் கேட்டார். என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்கிறாராம், வாயில் பொரியோடு.

மாலதி மேடம் பதில் சொன்னார்: "அது புரோட்டீனுக்குப் பண்றத, இவரு அதுக்கே பண்ணிட்டாரு சார்."

நிரந்தரமாக்கினார்கள். தோட்டத்தில்.

என் வீட்டில் புது மிக்சி வந்தாலும் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வராது. மகள் கல்யாணத்தில் ஆசையாக மாப்பிள்ளை நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனேன். மண்டபமே பார்க்க, மனைவி பிடித்து இழுத்தாள்.

"நீங்க வேணாங்க. பையன் நல்லா இருக்கட்டும்."