தூங்குவதற்கு ஒரு பதிலாள்

சாவி கைக்கு வரும்வரை சமரசம் இல்லை என்று முடிவெடுத்தேன். பட்டாசுத் தொழிலாளர்களுக்காக எத்தனையோ முதலாளிகளின் கதவடைப்பை உடைத்தவன் நான். இன்று சங்கக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட ஆளில்லை; அது வேறு கதை. இப்போது கதவடைப்பு என் வீட்டிலேயே. என் மொபெட் சாவியை மனைவி பொன்மணி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காரணம் அற்பமானது. விருதுநகர் சந்தைப் பக்கம் மொபெட் ஓட்டும்போது லேசாகக் கண் அயர்ந்து, மிளகாய் வத்தல் மூட்டை ஒன்றின்மேல் போய்ச் சாய்ந்துவிட்டேன். மூட்டைக்குச் சேதமில்லை. என் தும்மல்தான் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்டது.

"சாவியக் குடு. திங்கக்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுக் குடுக்கப் போகணும்."

"முதல்ல தூக்கத்த டெஸ்ட் பண்ணுங்க. பெறகு போங்க."

"எனக்கா தூக்க வியாதி? போலீஸ் தேடின காலத்துல பூனை நடந்தாலே எந்திரிச்சவன் நான்!"

"இப்ப யானை நடந்தாலும் எந்திரிக்க மாட்டீக. குறட்ட விடுறீக, திடீர்னு மூச்சு நின்னு போகுது. இருக்கீகளா, போயிட்டீகளான்னு மூக்குல வெரல வச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவள் குரல் உடைந்தது. லத்திக்கு அஞ்சாதவன் அதற்கு அஞ்சினேன். டாக்டரிடம் போனோம்.

டாக்டர் யோகேஸ்வரி டேப்பை எடுத்து என் கழுத்தை அளந்தார். மாலை போடத்தான் என்று நினைத்தேன். பிறகு கேள்விகள்.

"பேப்பர் படிக்கும்போது தூங்குவீங்களா?"

"சிந்திப்பேன்."

"பஸ்ல போகும்போது?"

"சிந்திப்பேன்."

"கூட்டத்துல?"

பொன்மணி முந்திக்கொண்டாள். "இவுக மேடையில பேசிக்கிட்டிருக்கும்போதே சிந்திப்பாக டாக்டர்."

சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்தார். நெஞ்சுக்குப் பட்டை, மூக்குக்கு மெல்லிய குழாய், விரலுக்கு கிளிப். மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி வீட்டிலேயே தூங்கவேண்டும். மூச்சு எத்தனை தடவை நிற்கிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று அது பதிவு செய்யும்.

உளவுக் கருவி! எனக்கா?

பக்கத்து வீட்டு சீனிச்சாமி பழைய தோழன். ஊசிவெடி மாதிரி ஒல்லி. தூங்கினால் ஆள் இருப்பதே தெரியாது. "புழுக்கமா இருக்கு, அவனும் நானும் மொட்டை மாடியில படுக்கோம்" என்று பொன்மணியிடம் சொல்லிவிட்டு, கருவியை அவனுக்கு மாட்டினேன்.

"தலைவரே, இது மோசடியில்லையா?"

"இது போராட்ட உத்திடா."

"அப்ப எண்ணெய்ப் பரோட்டா?"

"நாளைக்கு வாங்கித் தாரேன், பேசாமப் படு."

விடிந்து பார்த்தேன். கருவி சீனிச்சாமி மேல் பத்திரமாக இருந்தது. கழற்றிக்கொண்டேன். வெற்றி!

டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "ஐயா, மணிக்கு முப்பது தடவைக்கு மேல மூச்சு தடைபடுது. ஆக்ஸிஜன் ரொம்ப இறங்குது. இது கடுமையான நிலை. இப்படியே விட்டா இதயத்துக்கு ஆபத்து."

ஐயோ, சீனிச்சாமி! அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவா? ஒரு மொபெட் சாவிக்காக ஒரு தோழனைச் சாக விடுவதா? எழுந்து நின்றேன்.

"டாக்டர், உண்மையச் சொல்லுதேன். அது என் மூச்சு இல்ல. சீனிச்சாமி மூச்சு. அவனுக்கு மாட்டிவிட்டது நான்தான். என்னைய என்னமும் சொல்லுங்க, அவனக் காப்பாத்துங்க!"

டாக்டர் பொன்மணியைப் பார்த்தார். பொன்மணி தன் செல்போனை என்னிடம் நீட்டினாள்.

படத்தில் மொட்டை மாடி. வாயைப் பிளந்து நான் கிடக்கிறேன். என் நெஞ்சில் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப். பக்கத்தில் சீனிச்சாமி சம்மணம் போட்டுக் கறிச்சோறு தின்கிறான்.

"நீங்க அசந்ததுமே கழத்தி உங்களுக்கு மாட்டியாச்சு. பட்டை கட்ட அங்கிட்டும் இங்கிட்டும் பெரட்டினோம். விடியுமுன்ன திரும்ப அவருக்கு மாத்தியாச்சு. பூனை நடந்தா எந்திரிப்பேன்னீக?"

"கருங்காலி!" என்றேன் படத்தைப் பார்த்து.

"அவர எதுக்கு வையிறீக? நீங்க பரோட்டா, நான் கறிச்சோறு. கூலி கூடுன பக்கம் ஆள் போகத்தான் செய்யும்னு மேடைக்கு மேடை நீங்கதானே சொன்னீக."

இப்போது ராத்திரியானால் முகத்தில் மாஸ்க் மாட்டி, காற்றுத் தள்ளும் மெஷினோடு தூங்குகிறேன். எவ்வளவு நேரம் மாட்டியிருந்தேன் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பொன்மணி காலையில் அதைப் பார்த்த பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள்.

கம்பெனி வாசலில் வருகைப்பதிவு மெஷினை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவன், இன்று தூங்கியதற்கு வருகைப்பதிவு காட்டிச் சாவி வாங்குகிறேன்.