கரையான் தின்ற படமும் கணேசமூர்த்தியின் வாய்நாற்றமும்

காஜா பெராங், மலாக்கா,
18.8.1957, ஞாயிறு.

தம்பின் தோட்ட ஆஸ்பத்திரியில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் டிரஸராக மகிமையோடு விளங்கும் மூத்த சகலை மாணிக்கவாசகம் அவர்களுக்கு, இளைய சகலை ஜெயபாலன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் சந்திரமதியும் நலம். நீங்களும் பாக்கியலட்சுமி அக்காவும் மகன் கருணாகரனும் நலமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். குழாய்த் தண்ணீரும் மருந்து அலமாரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களுக்கு நலத்துக்கு என்ன குறை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கணேசமூர்த்திக்கு இரண்டு வயதாகிறது. பத்து நாளாக அவன் வாய் நாறுகிறது. சாதாரண நாற்றம் இல்லை. ஆற்றங்கரையில் மீன் இறக்கும் இடத்தில் தினமும் நாலு தடவை பஸ்ஸை நிறுத்தி ஆள் ஏற்றுகிற கண்டக்டர் நான். எனக்கே மூச்சு முட்டுகிறது. "அப்பா" என்று ஓடி வந்து கட்டிக்கொள்கிறான், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை நகர மண்டபத்தில், சுதந்திரம் வருவதையொட்டி, மெர்டேக்கா குழந்தைப் போட்டி. லேடி டாக்டர் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல் எண்ணுவாராம். எங்கள் பிள்ளை வாயைத் திறந்தால் டாக்டர் எண்ண மாட்டார், ஓடுவார். போன வருஷம் தம்பினில் இதே மாதிரிக் குழந்தைப் போட்டியில் கருணாகரன் வெள்ளிக் கோப்பை வாங்கினானே, அதைப் பற்றிச் சந்திரமதி பேசாத நாள் வருஷத்தில் இரண்டு: ஒன்று தீபாவளி, மற்றது அவளுக்குத் தொண்டை கட்டிய நாள்.

கோப்பையும் கையுமாக அவனை ஸ்டூடியோவில் நிற்க வைத்து எடுத்து அனுப்பிய படத்தை மாட்டினோமா என்று அக்கா கேட்டிருந்தார்கள். மாட்டினோம். நுழைந்ததும் கண்ணில் படுகிற பலகைச் சுவரில், கண்ணாடி போடாமல், நாலு மூலையிலும் ஆணி அடித்து சந்திரமதியே மாட்டினாள். நான் சோறு தின்ன உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே. நாலு மாதம் உங்கள் மகன் கொழுகொழுவென்று என்னைப் பார்க்க, நான் அவனைப் பார்த்துக்கொண்டே ரசம் குடித்தேன். போன மாதக் கடைசியில் அதைக் கரையான் தின்றுவிட்டது. காஜா பெராங் கரையான் பொல்லாதது. பக்கத்தில் தொங்கிய காலண்டரை அது தொடவில்லை என்று சந்திரமதி ஆச்சரியப்பட்டாள். கரையானுக்கும் தராதரம் இருக்கும்போல. அக்காவிடம் வருத்தத்தைச் சொல்லவும்.

வாய்நாற்றத்துக்கு முதலில் பல்லைச் சந்தேகித்தோம். அடுப்புக்கரியும் உப்பும் பொடித்து, துணி சுற்றிய விரலால் சந்திரமதி தேய்த்தாள். அவன் முதலில் கரியைத் தின்றான், பிறகு விரலைக் கடித்தான். மறுநாள் என் விரலைக் கொடுத்தேன். டிக்கெட் கிழிக்கிற விரல் அது, இரண்டு நாள் இடது கையால் கிழித்தேன். அடுத்து பால். போத்தலை வாயில் வைத்தபடியே தூங்கினால் பால் பல்லில் தங்கிப் புளிக்கும் என்று பஸ்ஸில் ஒரு வாத்தியாரம்மா சொன்னார். அதுவும் நாங்கள் கொடுப்பது கட்டிப்பால், பாதி சீனி. ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற கிராணிமார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பால்மாவு. அவர்கள் ஏப்பம் விட்டால்கூட பிஸ்கட் வாசம். நாங்கள் போத்தலைப் பிடுங்கினோம், அவன் எங்கள் நிம்மதியைப் பிடுங்கினான், நாற்றம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த வீட்டு நாகம்மா மலாக்காச் செட்டி குடும்பத்துப் பெண். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், பேச்செல்லாம் மலாய். பிள்ளையை முகர்ந்துவிட்டு, "கசியான், பூசுக் பெத்துல் மூலுட் டியா" என்றார். பாவம், வாய் இப்படி நாறுதே என்று அர்த்தம். கிராம்பு கொதிக்கவைத்த தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டு வயதுப் பிள்ளை கொப்பளிக்குமா? முதல் நாள் விழுங்கினான். மூன்றாம் நாள் துப்பக் கற்றுக்கொண்டு நாகம்மா மேலேயே துப்பினான். வயிற்றில் கோளாறு இருக்கும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தோம். அதன் பலன் முழுவதையும் என் காக்கிச் சட்டை வாங்கிக்கொண்டது.

பஸ்ஸில் ஒருவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். செமாபோக் போவதற்குள் பஸ் முழுக்க வைத்தியர்கள். பூச்சி என்றார் ஒருவர், தொண்டைச் சதை என்றார் இன்னொருவர், விரல் சூப்புவதுதான் என்று ஒரு கிழவர் சத்தியம் செய்து தன் நிறுத்தத்தையே விட்டுவிட்டார். வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் எச்சில் காய்ந்து நாறும் என்று ஒருவர் சொன்னது மட்டும் பொருந்துகிறது. அவனுக்கு மூக்கடைப்பு. வலது மூக்கில் மட்டும் மஞ்சளாக ஒழுகுகிறது, இடது மூக்கு காய்ந்து கிடக்கிறது. சளியில்கூட எங்கள் வீட்டுக்குப் பாதிதான் அளந்திருக்கிறது.

கடைசியில் சந்திரமதி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. "யாரோ பொறாமப்பட்டவங்க கண்ணுங்க" என்றாள். எங்களைப் பார்த்து யார் பொறாமைப்படுவார்கள்? இந்த வட்டாரத்தில் பொறாமைப்படுகிற வேலையெல்லாம் என் தலையில்தான் விழுந்திருக்கிறது. போட்டிக்கான விண்ணப்பப் பாரத்தைப் பாருங்கள்: பிள்ளையின் எடை, உயரம், பல் எண்ணிக்கை, சரி. தகப்பன் என்ன வேலை என்று எதற்குக் கேட்கிறான்? கமிட்டியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கிராணிமார் பெண்டாட்டிகள், அதற்குத்தான். வெள்ளைக்காரன் எழுந்து போகிறான், அந்த இடத்தில் கிராணி உட்காருகிறான், கண்டக்டர் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே வருகிறான். அதனால்தான் இந்தக் கோப்பை எனக்கு வேண்டும். பஸ் கண்டக்டர் என்று பாரத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு அவர்கள் என் பிள்ளைக்குக் கை தட்ட வேண்டும்.

"அத்தானுக்கு ஒரு வரி எழுதுங்க, அவரு பாத்தாலே போதும்" என்று சந்திரமதி பத்து நாளில் பத்துத் தடவை சொல்லிவிட்டாள். அத்தான் பார்த்தால் தேள்கடி இறங்குமாம், காய்ச்சல் தணியுமாம். நான் பார்த்தால் பஸ் நிற்கும், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் கேட்கிறேன். காரணம் என்ன, மருந்து என்ன என்று மட்டும் உடனே எழுதவும். நேரில் வரவேண்டாம். வந்தால் கருணாகரனையும் அழைத்து வருவீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். கருணாகரன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். கோப்பை வாங்கியது போதும், இனி அவன் படிக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் அன்புக்கு அடங்கிய சகலை,
ஜெயபாலன்.

பின்குறிப்பு: 20.8.1957, செவ்வாய்.

மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்குள் சந்திரமதி பிள்ளையைக் குழந்தை கிளினிக்குக்குத் தூக்கிப் போனாள். எனக்கு மாலை ஷிப்டு, நானும் போனேன். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி வாயை ஒரு தரம் பார்த்துவிட்டு, மூக்குக்கு வெளிச்சம் அடித்தார்.

"வாயில ஒண்ணுமில்ல. ஒரு பக்க மூக்கு மட்டும் ஒழுகி இப்படி நாறுனா, பிள்ள என்னத்தையோ உள்ள சொருகிக்கிட்டான்னு அர்த்தம்" என்றார். இடுக்கியை விட்டு இழுத்தார். பட்டாணி அளவில் சுருண்ட காகித உருண்டை ஒன்று வந்தது. நாற்றத்தில் மிஸ்ஸியே ஒரு அடி பின்னால் போனார். தட்டில் வைத்துத் தண்ணீர் விட்டு விரித்தார். ஒரு வெள்ளிக் கோப்பையின் கைப்பிடி தெரிந்தது. அதைப் பிடித்திருந்த மூன்று குட்டி விரல்களும் தெரிந்தன.

சந்திரமதி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கரையான் நல்லா உருட்டி வச்சிருக்குங்க" என்றாள்.

சகலை, கரையான் வரவில்லை. போன மாதக் கடைசியில் ஒருநாள் ரசம் தொண்டையில் இறங்கவில்லை. ஆணியைப் பிடுங்கி, படத்தை டிக்கெட் டிக்கெட்டாகக் கிழித்து, ஆற்றில் போடலாம் என்று என் கண்டக்டர் பையில் வைத்தேன். பாலத்தைத் தினமும் கடந்தேன், போட மனம் வரவில்லை. அந்தப் பையைக் கவிழ்த்து விளையாடுவது கணேசமூர்த்திக்குப் பழக்கம்.

நான் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் நாற்றம் போய்விட்டது. மருந்து எழுத வேண்டாம். பிள்ளையைத் தூக்கி, மூக்கோடு மூக்கு வைத்து ஐந்து நிமிஷம் இருந்தேன். கட்டிப்பால் வாசம்தான் அடித்தது. ஆனால் நான் உங்களுக்கு உண்மையை எழுதித் தபாலில் போட்டால்தான் சனிக்கிழமை அவனைப் போட்டிக்குக் கொண்டுபோவேன் என்று சந்திரமதி நிற்கிறாள். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மரியாதையாக வேறொன்று எழுதுகிறேன் என்றேன்.

"கிழிச்சவரைக்கும் போதும். அப்படியே அனுப்புங்க" என்றாள்.

அப்படியே அனுப்புகிறேன். படத்துக்கு இன்னொரு பிரதி வேண்டுமாம். அதே இடத்தில், இந்தத் தடவை ஆணியை நான்தான் அடிக்க வேண்டுமாம். தயவுசெய்து கண்ணாடி போட்டு அனுப்புங்கள். எங்கள் வீட்டில் கரையான் கிடையாது, நான் இருக்கிறேன்.