கொடுக்கிற தராசு

மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு மூன்றாம் கிரேடு குழந்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஓர் உத்தரவு வந்தது. அந்தக் குழந்தைகள் எங்கே போக வேண்டும் என்பது உத்தரவில் இல்லை.

தாயில்பட்டிக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அப்படி எட்டுப் பேர். எடை மிகக் குறைந்த பிள்ளைகளுக்குத்தான் மூன்றாம் கிரேடு என்று பெயர். வாரத்துக்கு அவர்களுக்கு இரண்டு பாக்கெட் சத்துமாவு, மற்றவர்களுக்கு ஒன்று. பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றும் இருளம்மாளின் மகள் பொன்னுத்தங்கம், வயது மூன்று, எடை எட்டரை கிலோ. அந்த இரண்டாவது பாக்கெட்டில்தான் பிள்ளையின் பாதி வயிறு நிறைந்தது.

பால்வாடித் தராசு போன மாதம் ஸ்பிரிங் அறுந்து உயிரை விட்டிருந்தது. ஜீப்பில் வந்து இறங்கிய வட்டார ஊட்டச்சத்து அலுவலர் தங்கச்சாமி, பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் கேட்டு வாங்கச் சொன்னார். கம்பெனி மேனேஜர் லட்சுமிகாந்தம் தானே வந்து பணிவாகக் கேட்டார்:

"எது வேணும் சார்? கொடுக்கிறதா, வாங்குறதா?"

ஊருக்கே தெரிந்த சங்கதி அது. குழாய் சுற்றக் காகிதம் நிறுத்துக் கொடுக்க ஒரு தராசு. அதில் எட்டரை பத்தாகும். சுற்றிய குழாயை நிறுத்து வாங்க இன்னொன்று. அதில் பத்து எட்டரையாகும். அரசாங்க முத்திரை இரண்டிலும் உண்டு.

தங்கச்சாமி கண்ணை மூடி யோசித்தார். "நாங்க என்ன துறை? மாவு கொடுக்கிற துறை. அப்ப கொடுக்கிற தராசுதானே முறை?"

தராசு வந்ததுமே இருளம்மாளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "டீச்சர், இது கொடுக்கிற தராசுல்லா! நாங்க தினமும் இதுலதான ஏமாறுறோம்."

"சும்மா இரு மதினி, சார் இருக்காக" என்றாள் பால்வாடி டீச்சர் மாரிசெல்வி.

பொன்னுத்தங்கத்தைத் தட்டில் உட்கார வைத்தார்கள். பத்து கிலோ.

"பாத்தியாம்மா? இரண்டாம் கிரேடு!" என்றார் தங்கச்சாமி.

"சார், தூக்கிப் பாருங்க. கோழிக்குஞ்சு கணக்கா இருக்கா."

"தூக்கிப் பாக்கிறது விஞ்ஞானம் இல்லம்மா."

ஒரு மணி நேரத்தில் அந்த ஊரில் மூன்றாம் கிரேடு முற்றிலும் ஒழிக்கப்பட்டது. செய்தி கேட்டு அக்கம்பக்கத்துப் பால்வாடிகளும் தராசு கேட்டு வரிசையில் நின்றன. ஒரே மாதத்தில் வட்டாரம் முழுக்கப் பிள்ளைக்கு ஒன்றரைக் கிலோ கூடிற்று. இப்படி ஒரே சீராக வளர்ந்த குழந்தைகளை உலகம் பார்த்ததில்லை என்று அறிக்கை போயிற்று. பாராட்டு விழா வைத்து, முன்மாதிரித் தாயாக இருளம்மாளை மேடையேற்றினார்கள்.

"பிள்ளைக்கு என்னம்மா கொடுத்தீங்க? சபைக்குச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார் தங்கச்சாமி.

இருளம்மாள் மைக்கைப் பிடித்தாள். "நான் ஒண்ணும் புதுசாக் குடுக்கல. பிள்ளை அப்பிடியேதான் இருக்கா. தராசத்தான் மாத்துனாக."

சபை திகைத்தது. தங்கச்சாமி மைக்கை வாங்கிக்கொண்டார். "சரிவிகித உணவுன்னு சொல்ல வர்றாங்க. கிராமத்து மக்கள் தராசுன்னுதான் சொல்லுவாங்க. எவ்வளவு ஆழமான வார்த்தை!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இருளம்மாளுக்கு ஒரு சில்வர் குடம் கொடுத்தார்கள்; கனமான குடம். அதில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்தபோது மகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

மறு வாரம் புதுக் கணக்கு அமலுக்கு வந்தது; பால்வாடியில் ஒரு பாக்கெட்தான் கிடைத்தது.

"இன்னொண்ணு எங்க டீச்சர்?"

"அது மூணாம் கிரேடுக்கு மட்டுந்தான் மதினி. இவ பத்து கிலோ ஆயிட்டாள்ல?"

"நெசமாவே ஆயிட்டாளா?"

மாரிசெல்வி தரையைப் பார்த்தாள். "ரிஜிஸ்தர்ல ஆயிட்டா."

"அப்ப ரிஜிஸ்தருக்கு எம்புட்டு மாவு வேணும்னு கேட்டுச் சொல்லுங்க. மூலையில அம்புட்டு பாக்கெட் கெடக்கே?"

"அது மிச்சம். திருப்பி அனுப்பினா ஏன் மிஞ்சுச்சுன்னு மெமோ வரும். பிள்ளைகளுக்குக் கொடுத்தா விதிமீறல். சார் ஏதோ வழி பண்ணுதேன்னு சொல்லியிருக்காக."

சார் வழி பண்ணினார். தராசு தந்து உதவிய கம்பெனிக்கு நன்றிக் கடிதம் ஒன்று போயிற்று. கூடவே, 'மனித உபயோகத்துக்குத் தேவைப்படாதது' என்று எழுதி மிச்ச மூட்டைகளும் போயின.

குழாய் ஒட்டும் பசைக்குக் கம்பெனி மைதா கொடுப்பது வழக்கம். பூச்சி அரிக்காமலிருக்க அதில் துத்தம் என்ற விஷமும் கலந்திருக்கும். அந்த வாரம் வந்த மாவு பழுப்பாக இருந்தது. இருளம்மாள் அதைக் கொதிக்க வைத்ததும் வீடெல்லாம் வெல்லமும் வறுகடலையும் மணத்தன. விளையாடிக்கொண்டிருந்த பொன்னுத்தங்கம் மோப்பம் பிடித்து ஓடி வந்து, ஆற இறக்கி வைத்த பசைச்சட்டிக்குள் விரலை விட்டாள்.

"ஏட்டி, விசம்!"

இருளம்மாள் அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். விரலை முந்தானையால் மூன்று முறை துடைத்தாள். பிறகு, விழாவில் கொடுத்த குடத்துத் தண்ணீரால் கழுவினாள். பிள்ளை அழுது ஓய்ந்ததும், ஆர்டர் நிற்கக் கூடாதென்று, குழாய் சுற்ற உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் வெடிக் குழாய்கள் என்றுமில்லாதபடி கெட்டியாக அமைந்தன. தீபாவளியன்று நாம் எல்லோரும் வாசலில் நின்று வெடித்தோம். சத்தம் பிரமாதம் என்றோம்.