ரெண்டு லேப், ஒரு வயிறு

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மயில்சாமி தன் வயிற்றிலிருந்து எடுத்த சதையை இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அப்படியே லேபுல குடுங்கன்னுதானுங்க டாக்டரம்மா சொன்னாங்க?" என்றாள் மனைவி இந்துமதி.

"நீ சும்மா இரு புள்ள. இந்த மூடியைப் பிடி."

சின்ன பாட்டிலுக்குள் மருந்துத் தண்ணீரில் நூல் நூலாக நாலு துணுக்குகள் மிதந்தன. வலது அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. ஸ்கேனில் பார்த்த டாக்டரம்மா ஊசி விட்டு எடுத்துக் கொடுத்தது அது. நல்ல கட்டியா, கேன்சர் கட்டியா என்று லேப்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு பதிலை நினைத்து மூன்று நாளாக மயில்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்த மனுஷனுக்குப் பயம் வந்தாலும் அது சந்தேகமாகத்தான் வெளியே வரும்.

தொழில் அப்படி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவர் செக்கிங் இன்சார்ஜ். பனியனோ, கொரோனா வருடத்தில் தைத்த மாஸ்க்கோ, ஆஸ்பத்திரித் துணியோ, அவர் கையெழுத்து இல்லாமல் கேட் தாண்டாது. சாயம் போகிறதா என்று டெஸ்டிங்குக்கு அனுப்பும்போது ஒரே துணியை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கம்பெனி பெயரிலும் இன்னொன்றை வேறொருவர் பெயரிலும் இரண்டு லேபுக்கு அனுப்புவார். துணி எங்கே வாங்கியது, முன்னால் என்ன கம்ப்ளெயின்ட் வந்தது என்பதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

"சொன்னா அதுக்குத் தக்கன எழுதிக் குடுத்துருவானுங்க" என்பார்.

துணிப் பிசிறு எடுக்கும் ட்வீசரால் இரண்டு துணுக்குகளை எடுத்து, கழுவிக் கொண்டுவந்திருந்த டானிக் பாட்டிலில் போட்டு, பாதி மருந்துத் தண்ணீரையும் ஊற்றினார். முதல் லேபில் சொந்தப் பெயர். 'ஏற்கெனவே ஆபரேஷன் நடந்ததா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நாலு வருடம் முன்பு குடல்வால் வெடித்து, வேறொரு ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். 'இல்லை' என்று அழுத்தி எழுதினார். தழும்பைப் பார்த்து டாக்டரம்மா கேட்டபோதே, "காங்கேயம் காளை முட்டுனதுங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

இரண்டாவது லேபில் யார் பெயரைக் கொடுப்பது? மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் ஒன்றுதான். காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் மச்சினன் மருதாசலத்தின் நம்பர். பெயரும் அவனுடையதே ஆயிற்று; வாசலில் நின்ற இந்துமதிக்கு அது தெரியாது.

ஐந்தாம் நாள் முதல் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் அறிகுறி இல்லை, வெறும் தழும்புச் சதை. இந்துமதி சாமி படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள்.

மயில்சாமி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அஞ்சே நாளா? பாக்காமலே எழுதியிருக்கான்."

அப்போது போன் அடித்தது. மருதாசலம் தேம்பினான்.

"மச்சான்... எனக்கு வந்துருச்சுங்க மச்சான்!"

"என்னடா வந்துச்சு?"

"கட்டிங்க! லேபுல இருந்து வாட்ஸ்அப்பு வந்துருக்குங்க. செல்லு நீளநீளமா இருக்குதாமா. கேன்சரா இருக்கலாம்னு சந்தேகமாமா."

மயில்சாமி கையிலிருந்த ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். அது யாருடைய செல் என்று அவருக்குத்தானே தெரியும்!

"நீ... நீ எப்படா சாம்பிள் குடுத்தே?" என்றார் ஈனக்குரலில்.

"போன மாசம் சக்கரைக்கு ரத்தம் எடுத்தானுங்கல்லங்க? அப்பவே சதையையும் சேத்து உருவிட்டானுங்க மச்சான். சுருக்குன்னு வலிக்கறப்பவே எனக்கு டவுட்டுங்க!"

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்துமதிக்கும் தெரிந்துவிடும், சாமி படத்துக்கு முன்னால் விழுந்தவள் எழுந்திருக்கவே மாட்டாள். "ஒண்ணும் ஆகாது மாப்ள. ரிப்போர்ட்ட எனக்கு அனுப்பு, நான் டாக்டரம்மாகிட்டக் காட்டறேன். யாருகிட்டயும் சொல்லாதே" என்றார்.

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் காங்கேயத்தில் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. சாயங்காலத்துக்குள் சொந்தபந்தமெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக மருதாசலம் வீட்டில் கூடிவிட்டது. தம்பிக்கு இப்படியா என்று இந்துமதியும் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அன்றைக்கே மருதாசலத்தின் போன் மறுபடியும் வந்தது.

"மச்சான், போறதுக்கு முன்னாடி சொல்லிர்றனுங்க. உங்க ஊட்டு விசேசத்துக்குக் குடுத்த தேங்காயெண்ணெய்ல பாமாயில் கலந்துட்டனுங்க. மன்னிச்சுருங்க."

"அது எனக்கு அப்பவே தெரியும்டா!" என்று அந்த நிலையிலும் கத்தினார் மயில்சாமி.

மறுநாள் டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மருதாசலம் யாருங்க?"

"அதும் நான்தானுங்க."

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கட்டியோட நாலு எடத்துல எடுத்ததுங்க அது. பாதி பாதியாக் குடுத்தா அவங்களும் பாதி பாதியாத்தானே சொல்லுவாங்க? அது போகட்டும், இந்தத் தழும்பு நெசமாவே காளை முட்டுனதுதானுங்களா?"

"ஆமாங்க."

"முட்டிட்டு அதுவே தையலும் போட்டுச்சுங்களா?"

மயில்சாமி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு குடல்வால் கதையை ஒன்று விடாமல் சொன்னார்.

"மறைச்சு வெச்சா மைக்ராஸ்கோப்புல பாக்கறவங்க எதைன்னுங்க தேடுவாங்க? கட்டியை முழுசா எடுத்துரலாம். இந்தத் தடவை ஒரே லேப், ஒரே பேரு, நெசமான கதை."

ஆபரேஷன் முடிந்தது. உண்மை தெரிந்த இந்துமதி இரண்டு நாள் அழுதுகொண்டே கஞ்சி ஊட்டினாள். போன உயிர் திரும்பிய மருதாசலம் முதல் வேலையாக, "அந்தப் பாமாயிலு சும்மா சொன்னதுங்க மச்சான்" என்று போன் செய்தான்.

ரிப்போர்ட் வரும் நாளில், கம்பெனி செக்கிங் டேபிளில் பன்னிரண்டு வருடமாக மயில்சாமிக்குக் கீழே வேலை பார்க்கும் சித்ராதேவி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்திருந்தாள். பரமக்குடிப் பக்கத்துக்காரி. எந்த லாட்டில் என்ன பிசகு என்று அவளைக் கேட்டால் போதும், பைலைப் புரட்ட வேண்டாம்.

டாக்டரம்மா ஒரு பாட்டிலோடு உள்ளே வந்தார். "கேன்சர் இல்லீங்க."

இந்துமதி ஓவென்று அழுதாள். மயில்சாமிக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கேட்டார், "அப்பறம் என்னதானுங்க அது?"

"துணிங்க."

"என்னது?"

"பழைய ஆபரேஷன்ல ரத்தம் ஒத்தற துணியை உள்ளயே வெச்சுத் தெச்சுட்டாங்க. ஒடம்பு அதைச் சுத்திச் சதையைக் கட்டிக்கிச்சு. வெளிய இருந்து பாத்தா அச்சு அசலா கேன்சர் கட்டிதாங்க. அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"இத்தனை ஸ்கேன் எடுத்தமே, துணின்னு தெரியலீங்களா?"

"தெரிஞ்சிருக்கோணும். எக்ஸ்ரேல, ஸ்கேன்ல தெரியறதுக்குன்னே இந்தத் துணியில ஒரு நீல நூல் வெச்சுத் தெப்பாங்க. இதுல அந்த நூலே இல்லீங்க."

மயில்சாமி தையலை மறந்து எழுந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடச் செக்கிங் ரத்தம் கொதித்தது. "உள்ள வெச்சவனைக் கூட உட்ருவனுங்க. நூல் இல்லாத துணியைப் பாஸ் பண்ணுன மடையன் எவன்? அவனுக்கெல்லாம் செக்கிங்ல என்ன வேலை? அவன் கையெழுத்தைக் கண்டுபுடிச்சு, கோர்ட்டுக்கு இழுக்காம உடமாட்டேன்!"

சித்ராதேவி பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துணியின் ஓரத்தில் பச்சை நூல் தையல் தெரிந்தது. அவள் பாட்டிலை மெல்லக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"அண்ணே, வெள்ளை நூல் தீந்துபோயி நம்ம பச்சை நூல்ல ஓரம் அடிச்ச கொரோனா லாட்டுண்ணே இது; நீல நூல் இல்லைன்னு நான் ரிஜெக்ட்ல போட்டதை, 'வயித்துக்குள்ள போற துணியை எவன் பாக்கப் போறான்'னு நீங்கதானண்ணே எடுத்துப் பாஸ் போட்டீக!"